கிரைண்டர் பேச்சை யார் கேட்டது?

பெங்களூரு விவேக் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹாலில் டிவி ஓடுகிறது. உங்கள் அம்மாவும் மனைவியும் கிரைண்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்: கல் தேய்ந்துவிட்டது, கொத்திக் கொடுக்கிற ஆள் தெருப்பக்கம் வந்தே வருஷக்கணக்காகிறது, உளுந்து முன்னைப்போலப் பொங்குவதில்லை, பேசாமல் டில்டிங் மாடலாக ஒன்று வாங்கிவிடலாம். யாரும் ஃபோனில் எதையும் தேடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நீங்கள் ஃபோனை எடுத்தால் கிரைண்டர் விளம்பரம், அதுவும் கன்னடத்தில். "எங்க ஃபோன் ஒட்டுக் கேக்குதா? ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வார்த்தை என்றால் 'இல்லை'. கொஞ்சம் கவனமாகச் சொன்னால் 'அநேகமாக இல்லை'. ஆனால் வீட்டுக்குள் பேசியது வெளியே எப்படிப் போனது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு வார்த்தை போதாது.

நான் தருமபுரிக்காரன். ஒன்பது வருஷம் அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்தேன். ஆப்பிலும் வலைத்தளத்திலும் வரும் விளம்பர இடங்களை ஏலம் எடுக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆகவே ஏலத்துக்கு என்னென்ன தகவல் வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன். ஃபோன் தயாரிக்கிறவர்கள் கருவிக்குள் என்ன வைக்கிறார்கள் என்பதை உள்ளிருந்து பார்த்தவன் இல்லை. இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் ஒரு ஆப்பைத் திறக்கிறீர்கள். கீழே ஒரு பட்டை காலியாக இருக்கிறது. அது நிரம்புவதற்குள், பத்தில் ஒரு வினாடி அளவு நேரத்தில், ஒரு ஏலமே நடந்து முடிந்துவிடுகிறது. ஏலத்துக்குப் போகும் சீட்டில் எழுதியிருப்பது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: இன்ன ஆப், இன்ன மாடல் ஆண்ட்ராய்டு ஃபோன், பெங்களூரு, பின்கோடு 560047, இன்ன ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), ஃபோனின் மொழி ஆங்கிலம், விளம்பர அடையாள எண் இன்னது. அந்த அடையாள எண்தான் முக்கியம். வாங்க வருகிறவர் தன் கணக்குப் புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடுவார். இவர் போன வாரம் மிக்ஸி பார்த்தவர், சமையல் வீடியோ பார்க்கிறவர் என்று ஏதாவது குறித்திருந்தால் விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். இத்தனை வருஷத்தில் பல கோடி சீட்டுகள் என் சர்வர் வழியாகப் போயிருக்கின்றன. 'வீட்டில் பேசியது' என்று ஒரு கட்டம் அதில் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்திருந்தால் எங்கள் விற்பனைப் பிரிவு ஆட்கள் அதை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கையில் இருக்கும் சரக்கை மறைத்துவைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் கிடையாது. இல்லாததையும் இருப்பதாகச் சொல்லித்தான் பழக்கம்.

சரி, ஏலச் சீட்டில் வராமல் வேறு வழியில் கேட்கலாமே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சு புரிகிற அளவுக்கு ஒலியைச் சுருக்கி, வினாடிக்கு 16 கிலோபிட் வீதம் அனுப்பினால் மணிக்கு 7.2 எம்பி ஆகிறது. விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்கு 115 எம்பி. மாதத்துக்கு மூன்று ஜிபிக்கு மேல். உங்கள் ஃபோனில் எந்த ஆப் எவ்வளவு டேட்டா தின்றது என்று காட்டும் பக்கம் இருக்கிறதே, அங்கே இது பூசணிக்காய் மாதிரி தெரியும். பேட்டரியும் வழக்கத்தைவிட வேகமாகக் குறையும். தவிர, ஐஃபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021இல் வந்த 12ஆம் பதிப்பு முதலும், ஏதாவது ஆப் மைக்கைத் தொட்டால் திரையின் மேலே ஆரஞ்சு அல்லது பச்சைப் புள்ளி எரியும். 'ஹே' என்று கூப்பிட்டால் எழுந்திருக்கும் உதவியாளர் எப்போதும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. அதற்கென்று தனியாக ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. மின்சாரம் அதிகம் வேண்டாம், அந்த ஒரு கூப்பிடு சொல்லை மட்டும் அடையாளம் காணும். உங்கள் அம்மாவின் உளுந்துப் புராணம் அதற்கு வெறும் இரைச்சல்.

2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கு மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். பயனருக்குத் தெரியாமல் மைக்கைத் திறந்து ஒலியை வெளியே அனுப்பிய ஆப் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனால் வேறொன்று அகப்பட்டது: சில ஆப்கள் திரையில் நடப்பதைப் படமாகவும் வீடியோவாகவும் எடுத்து மூன்றாம் நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. காதுக்குப் பயந்துகொண்டிருந்த நேரத்தில் கண் திறந்திருந்தது.

'அநேகமாக' என்ற சொல்லை நான் விடாததற்குக் காரணம் உண்டு. பேச்சை ஃபோனுக்குள்ளேயே எழுத்தாக மாற்றி, முக்கியச் சொற்களை மட்டும் அனுப்பினால் சில கிலோபைட்தான் ஆகும். டேட்டா கணக்கில் அது தெரியாது. இன்றைய சில்லுகளுக்கு அது முடியாத வேலையும் இல்லை. பேட்டரியும் பச்சைப் புள்ளியும் காட்டிக்கொடுக்கும் என்பதுதான் அதற்கு எதிரான வாதம், ஆனால் புள்ளியை எரிய வைப்பது ஃபோனின் இயங்குதளம். அதைச் செய்தவரையே நம்பாதவருக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தத் தொழிலுக்குக் கைசுத்தம் என்ற பெயரும் கிடையாது. நம் நாட்டிலேயே, குர்கானில் இருந்து இயங்கிய சில்வர்புஷ் என்ற நிறுவனம், மனிதக் காதுக்கு எட்டாத ஓசை ஒன்றை டிவி விளம்பரத்துக்குள் ஒளித்து வைத்து, பக்கத்தில் இருக்கும் ஃபோனின் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு நுட்பம் செய்தது. எந்த விளம்பரத்தை எந்த ஃபோன்காரர் பார்த்தார் என்று இதில் தெரிந்துவிடும். அந்த நிரல் இருப்பதாகத் தெரிந்த 12 ஆப் தயாரிப்பாளர்களுக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016 மார்ச்சில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கவனியுங்கள், அதுவும் பேச்சைக் கேட்கவில்லை, ஒரு சீழ்க்கைக்காகக் காத்திருந்தது. ஆனால் மைக்கைத் திறந்து வைத்திருந்தது உண்மை.

2023 கடைசியில் காக்ஸ் மீடியா குரூப் என்ற அமெரிக்க நிறுவனம், உரையாடலைக் கேட்டு விளம்பரம் தருவோம் என்று தன் தளத்தில் பெருமையாகவே எழுதியது. செய்தியாளர்கள் பிடித்துக்கொண்டதும் பக்கத்தை எடுத்துவிட்டு, நாங்கள் யார் பேச்சையும் கேட்பதில்லை என்றது. வாடிக்கையாளரைப் பிடிக்க அடித்துவிட்ட கதை என்றுதான் எனக்குப் படுகிறது. நான்தான் சொன்னேனே, இல்லாததையும் இருப்பதாகச் சொல்லும் பழக்கம். ஆப்பிள் ஃபோனின் குரல் உதவியாளரான 'சிரி' பற்றிய வழக்கு வேறு மாதிரி. கூப்பிடாமலே சிரி விழித்துக்கொண்டு பதிவு செய்தது, சில பதிவுகளை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்டார்கள் என்ற விஷயம் 2019இல் வெளியே வந்தது. 2025 ஜனவரியில் 9.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள், தவற்றை ஒப்புக்கொள்ளாமல். விளம்பரத்துக்கு அந்தப் பதிவுகளைத் தந்ததில்லை என்பது ஆப்பிளின் நிலை. தவறுதலாகக் கேட்பது நடக்கிறது, அது நிச்சயம். கேட்டதை வைத்து விளம்பரம் விற்பதற்கு இதுவரை யாரும் சான்று காட்டவில்லை.

நாங்களே ஒருமுறை சோதித்தோம். ஆபீசில் நான்கு பேர், எல்லாரும் கல்யாணமாகாதவர்கள். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன்களை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கு மாட்டும் டயப்பரைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுவது என்று ஏற்பாடு. பக்கத்து மேஜைக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்று நாள் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் ஒருவன் ஃபோனில் டயப்பர் விளம்பரம். அன்று மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் விசாரித்தால், முந்தின இரவு அவனுடைய அக்கா தன் குழந்தைக்கு அவன் கணக்கிலிருந்து டயப்பர் ஆர்டர் போட்டிருக்கிறார், டெலிவரி கட்டணம் இல்லை என்பதற்காக. மற்ற மூன்று பேருக்கும் கடைசிவரை வரவில்லை. நான்கு பேர், ஒரு வாரம், இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'யாரும் தேடவில்லை' என்ற வாக்கியத்தை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முடியாமல் போன கடைசி மாதங்களில் நான் வீல்சேர் தேடியிருந்தேன். அவர் போன பிறகும் நான்கு மாதம் எனக்கு வீல்சேர் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. பதினாறாம் நாள் காரியத்தன்று, வீடு முழுக்க ஆட்கள் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரத்திலும், மேஜை மேல் கிடந்த ஃபோனில் மடக்கி வைக்கும் மாடலுக்கு இருபது சதவீதத் தள்ளுபடி. அந்த ஏலத்தில் என் பழைய சர்வரும் இருந்திருக்கலாம். கேட்கிற ஃபோனாக இருந்தால் அன்றைக்கு அதற்கு விஷயம் தெரிந்திருக்கும்.

அப்படியானால் கிரைண்டர் எப்படி வந்தது? நீங்களே எழுதியிருக்கும் விவரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஓசூரிலிருந்து மச்சான் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டு, முந்தின நாள் கிளம்பியிருக்கிறார். எல்லாரும் ஒரே வைஃபை. ஒரே வைஃபையில் இருப்பவர்களை ஒரு குடும்பமாகச் சேர்த்துக் கணக்கிடும் பழக்கம் தொழிலில் உண்டு. மச்சான் கிரைண்டர் பார்த்திருந்தால் அந்த நிழல் உங்கள் மேல் விழலாம். ஆனால் இதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மொபைல் டேட்டாவில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். வீட்டு இணைப்பிலும் சில நிறுவனங்கள் அப்படித்தான் தருகின்றன. அங்கே இந்தக் கணக்கு குழம்பிப்போகும். நாங்களே ஒருமுறை ஒரு முழு அபார்ட்மென்ட்டை ஒரே குடும்பமாக எண்ணிவிட்டோம்.

அடுத்து காலம். ஆயுத பூஜை, தீபாவளிக்கு முன்னால் வீட்டு உபயோகப் பொருள் விளம்பரங்கள் பெங்களூரில் இருக்கும் எல்லார் மேலும் மழையாகக் கொட்டும். விளம்பரம் கன்னடத்தில் வந்ததை நீங்கள் ஒரு வினோதமாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு துப்பு. தமிழில் பேசியதைக் கேட்டு வந்த விளம்பரம் என்றால் தமிழில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். கன்னடத்தில் வந்தால் ஊரைப் பார்த்து அனுப்பியது என்றுதான் முதலில் தோன்றுகிறது. இது சான்றாகாது, சாய்வு மட்டுமே. அந்தக் காலையில் உங்கள் ஃபோனில் வேறு ஐம்பது விளம்பரம் ஓடியிருக்கும். பேசியதோடு ஒத்துப்போன அந்த ஒன்றுதான் நினைவில் நின்றது. போன வாரமும் இதே கிரைண்டர் வந்திருக்கலாம், பேச்சு எழாததால் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

நிச்சயமாக நடக்கிற வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை. பாத்திரக்கடையோ துணிக்கடையோ, பில் போடும் இடத்தில் "நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். என் அம்மா வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி பத்து இலக்கத்தையும் சத்தமாகச் சொல்வார், கேட்கும் பெண் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பாள். அந்த எண்களை, வாங்கிய பொருள்வாரியாகப் பிரித்து, கடைக்காரர் பெரிய விளம்பரத் தளங்களில் ஏற்ற முடியும். எண் அப்படியே போகாது, பார்த்தவுடன் படிக்க முடியாத ஒரு நீளமான குறியீடாக மாற்றித்தான் போகும். ஆனால் தளத்திலும் உங்கள் எண் அதே குறியீடாக மாறும் என்பதால் இரண்டும் பொருந்திவிடும். நம் ஊரில் வங்கி, கேஸ், ஸ்விகி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரே எண். மாற்றவும் மாட்டோம். இதைவிட வசதியான அடையாள அட்டையை விளம்பரக்காரர்கள் கனவிலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது டிவிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "அம்மாவுக்கு ஃபோனில் தேடத் தெரியாது, டிவியில் யூடியூப் மட்டும் பார்ப்பாங்க." அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த டிவியில் யாருடைய கணக்கு போட்டிருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் மகன் கணக்குதான். ரிமோட்டில் மைக் பட்டன் இருக்கும். அம்மா அதை அழுத்தி "கிரைண்டர்ல மாவு பஞ்சு மாதிரி வர" என்று சொன்னால் அது தேடல், உங்கள் பெயரில். அவரைப் பொறுத்தவரை அது டிவியிடம் சொன்னது. ஆகவே 'யாரும் தேடவில்லை' என்று அவர் சொல்வது பொய்யும் இல்லை. கிரைண்டர் பேச்சு அன்று காலை ஏன் எழுந்தது என்பதையும் யோசியுங்கள். பேச்சினால் விளம்பரம் வந்தது என்று நினைக்கிறோம். முந்தின இரவு பார்த்த ஒரு வீடியோவினால் பேச்சும் வந்திருக்கலாம், விளம்பரமும் வந்திருக்கலாம்.

ஸ்மார்ட் டிவிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. திரையில் ஓடும் படத்திலிருந்து அடிக்கடி சிறு துணுக்குகளை எடுத்து, கைரேகை போல ஒரு குறியாக்கி, எந்த நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கும் நுட்பம். செட்டாப் பாக்ஸ் வழியாக வரும் சீரியலைக்கூடச் சொல்லிவிடும். கேட்காமல் இதைச் செய்ததற்காக விசியோ என்ற டிவி நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது. ஒரு கோடிக்கும் அதிகமான டிவிகள் சம்பந்தப்பட்ட விவகாரம் அது. இந்தியாவில் விற்கும் எல்லா மாடலிலும் இது ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்ற பெயரில் அமைப்புகளுக்குள் இருக்கும். முதல்நாள் டிவியை மாட்ட வந்த பையன் எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' அழுத்திவிட்டுப் போயிருப்பான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற டிஆர்பி கணக்கை எடுக்கும் 'பார்க்' (BARC) அமைப்பும் சத்தத்தைத்தான் கேட்கிறது. சேனல்காரர்கள் ஒளிபரப்பும்போதே ஒலியில் காதுக்குத் தெரியாத ஒரு குறியைக் கலந்துவிடுகிறார்கள், வீட்டில் வைத்திருக்கும் மீட்டர் அதைப் பிடித்து எந்த சேனல் என்று குறித்துக்கொள்ளும். ஆனால் அது நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வீடுகளில், வீட்டாரைக் கேட்டுவிட்டு வைப்பது. அந்தச் சில வீடுகளை வைத்துத்தான் எந்த சீரியல் மாமியார் இன்னும் ஒரு வருஷம் அழ வேண்டும் என்று முடிவாகிறது. 'உங்க ஃபோன் ஒட்டுக் கேக்குது' என்று சிவப்பு அம்புக்குறி போட்ட வீடியோக்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு நடுவிலும் நீங்கள் நேற்று பார்த்த பொருளின் விளம்பரம் ஓடும், அந்தக் காசில் ஒரு பங்கு வீடியோ போட்டவருக்குப் போகும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்த விளம்பரம் மறுபடி வந்தால் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி 'இந்த விளம்பரம் ஏன்' என்று பாருங்கள். முழு உண்மையைச் சொல்லாது, ஆனால் ஊரா, வயதா, முந்தைய செயல்பாடா என்ற அளவுக்கு வாயைத் திறக்கும். கூகுள் கணக்கில் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தைத் திறந்து அந்த ஞாயிறுக்கு முந்தின மூன்று நாள் யூடியூப் தேடல்களைப் பாருங்கள். கிரைண்டர் அங்கே இருக்கும் என்பது என் ஊகம். இல்லையென்றால் மச்சானிடம் கேளுங்கள். ஃபோன் அமைப்புகளில் எந்தெந்த ஆப்புக்கு மைக் அனுமதி இருக்கிறது என்று பார்த்து, டார்ச் லைட் ஆப்புக்கெல்லாம் கொடுத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கவும் முடியும். அழித்தால் விளம்பரம் குறையாது, சம்பந்தமில்லாத விளம்பரமாக வரும். சட்டம் என்று பார்த்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களுக்கு அவகாசமும் தந்திருக்கிறார்கள். அதை நம்பி இப்போதைக்கு கிரைண்டர் வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாங்கப் போகும்போது கவுண்டரில் நம்பர் கேட்பார்கள். வாரண்டிக்கு வேண்டும் என்றால் கொடுக்கத்தான் வேண்டும். நான் அம்மாவுக்கு இதையெல்லாம் உட்காரவைத்து விளக்கிய பிறகு அவர் எங்கே போனாலும் தன் நம்பரைச் சொல்வதில்லை, என் நம்பரைச் சொல்லிவிடுகிறார். முழங்கால் பட்டையும் செப்புக் குடமும் பிரதோஷத்துக்கு வில்வ இலையும் இப்போது எனக்குத்தான் வருகின்றன.